சீட்டை மாத்தினது யாருக்காக?



போன வாரம் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரில் பருப்பைத் தேடிப் போன கதையைப் படித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கலாய்ச்சிருக்கலாம் பாஸ்" என்று சொன்ன அத்தனை பேருக்கும் நன்றி. இந்த வாரம் கலாய்ப்பு கம்மி. முதல்லயே சொல்லிட்டேன், அப்புறம் நடுவில் எழுந்து போகக் கூடாது. வழக்கமாக மேலே சிரித்துக்கொண்டு இருக்குமே என் போட்டோ, அதுவும் என் பேரும் இந்த வாரம் இல்லை, கவனித்தீர்களா? எடிட்டர் எடுக்கச் சொல்லிவிட்டார். காரணம் கடைசியில் வரும்.

மூணாம் வருஷ லீவில் எட்டு வாரம் ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப் போனேன். சென்னைதான். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். மாடி நம்பரைக்கூட மாற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதல் நாள் கழுத்தில் ஒரு டேக் மாட்டி, ஒரு தண்ணி பாட்டில் கொடுத்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். "போஷ் ட்ரெயினிங் முடிச்சாதான் லாகின் வரும்" என்றார்கள். போஷ் என்றதும் ஸ்பூன் எந்தக் கையில், ஃபோர்க் எந்தக் கையில் என்று சொல்லித் தரப் போகிறார்கள் என்று நினைத்தேன். செம பல்பு! பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013-ல் ஒரு சட்டம் வந்ததே, அதுக்கு ஆபீஸ்களில் வைத்திருக்கும் சுருக்கப் பெயர்தான் போஷ். நாற்பது நிமிஷ அனிமேஷன் படம். டை கட்டிய ஒரு பொம்மை, ஃபைல் வைத்திருக்கிற இன்னொரு பொம்மையின் தோளில் கை வைக்கும். 'இது சரியா, தவறா?' பத்து கேள்வி. படத்தை டபுள் ஸ்பீடில் ஓட விட்டு, பத்துக்குப் பத்து வாங்கினேன். கலர் கலராக சர்டிஃபிகேட் வந்தது. அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "என்ன கோர்ஸ்டா தம்பி?" என்று கேட்டார். "ஆபீஸ் டிசிப்ளின்மா" என்றேன்.

மூணாவது வாரம் அதே கேள்வி நேரில் வந்தது. ஃபெயில்.

என்னோடு அதே டீமுக்கு வந்தவள் என் க்ளாஸ்மேட். பேர் வேண்டாம், 'அவள்' என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் பேட்ச்சில் கோடு எழுதுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. லேப் எக்ஸாமில் அவள் ப்ரோக்ராமைப் பார்த்து நான் எழுத, என் ப்ரோக்ராமைப் பார்த்து இன்னும் நாலு பேர் எழுத... பரம்பரைச் சொத்து மாதிரி அது கடைசி பெஞ்ச் வரை போகும். ஆபீஸிலும் பக்கத்துப் பக்கத்து சீட். அந்தச் சீட்டுக்கெல்லாம் சக்கரம் உண்டு.

எங்கள் டீம் லீட் வேலையில் கில்லாடி. எனக்கே நிறையச் சொல்லிக் கொடுத்தார். என் டவுட்டை என் சீட்டுக்கு இரண்டடி தள்ளி நின்று சொல்வார். அவள் டவுட்டை மட்டும் அவள் சீட்டுக்குப் பின்னால் குனிந்து, தோளில் கை வைத்துக்கொண்டு சொல்வார். ஒரு நாள் என் பையில் எதுவோ இடித்தது. பார்த்தால் அவள் சீட்டின் சக்கரம். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நகர்ந்து என் மேஜை வரைக்கும் வந்திருந்தாள். அவர் போன பிறகு நான் கேட்டேன்: "என்னடி, என் ஏரியாவுக்கே குடி வந்துட்ட? வாடகை குடு."

அவள் சிரிக்கவில்லை. சீட்டை இழுத்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போனாள். மறுநாளும் சக்கரம் வந்து இடித்தது. அதுக்கு மறுநாளும். ராத்திரி பதினொரு மணிக்கு அவள் போனுக்கு என்ன மெசேஜ் வந்துகொண்டிருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. சக்கரம் தெரியும். மூணு நாள் பார்த்தேன்.

அவள் ஹெச்.ஆருக்கு மெயில் போட்டாள். அரை மணி நேரத்தில் கூப்பிட்டார்கள். பரவாயில்லையே, செம ஸ்பீடு என்று நினைத்தோம். உள்ளே டீ கொடுத்தார்களாம். பிஸ்கட்டும். "நல்லவேளை சொன்னேம்மா. உனக்கு எது வசதியோ அதைப் பண்ணுவோம். எட்டு வாரம்தானே, அஞ்சு வாரம்தான் பாக்கி. அவர் நம்ம டாப் பெர்ஃபார்மர், அவருக்கும் ரெண்டு பொண் குழந்தைங்க..." இப்படிப் போயிருக்கிறது பேச்சு. திட்டவில்லை, மிரட்டவில்லை. தன்மையாகப் பேசினார்கள் என்று அவளே சொன்னாள்.

மறுநாள் காலையில் அவள் சீட் மூணாவது மாடியில் இல்லை. ஆறாவது மாடியில், பிரின்டருக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. அவள் செய்துகொண்டிருந்த ப்ராஜெக்டின் ஃபோல்டர் திறக்கவில்லை, அனுமதியை எடுத்துவிட்டார்கள். லீட் எப்போதும் போல காபி கப்போடு மூணாவது மாடியில் நடந்துகொண்டிருந்தார். டீமில் நாலு பேர் என்னிடம் கேட்டார்கள், "உன் ஃப்ரெண்டு ஏன் மாத்திட்டாங்க? பெர்ஃபார்மன்ஸ் சரியில்லையா?"

அன்று மத்தியானம் ஹெச்.ஆர். மேம் என்னையும் லிஃப்ட் பக்கத்தில் நிறுத்தி, சும்மா கேட்பது மாதிரி கேட்டார்: "நீ பக்கத்துலதானே உக்காந்திருந்த? ஏதாச்சும் பாத்தியா?"

"சரியா கவனிக்கலை மேம்."

இதுதான் நான் சொன்னது. ஏன் சொன்னேன் என்று கேட்டால் நூறு மார்க். இன்டர்ன்ஷிப்புக்கு எங்கள் காலேஜில் நூறு மார்க், மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது டீம் லீட். நன்றாகச் செய்தால் அங்கேயே வேலையும் கிடைக்கலாம் என்று ஒரு பேச்சு. எங்கள் வீட்டில் எஜுகேஷன் லோன் இருக்கிறது. இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன். லிஃப்ட் கதவு மூடுவதற்குள் இத்தனை கணக்கும் என் மண்டையில் ஓடி முடிந்துவிட்டது.

சனிக்கிழமை காலேஜுக்குப் போனபோது, எங்கள் காலேஜ் புகார்க் குழுவில் இருக்கும் ஒரு மேமிடம் அவள் பேசினாள். துணைக்கு நானும் போனேன். (போகாமல் இருக்க முடியவில்லை என்பதுதான் உண்மை.) மேம் கேட்ட முதல் கேள்வி, "என்ன பண்ணான்?" இல்லை. "சீட்டை மாத்தச் சொல்லி நீ எழுதிக் குடுத்தியா?"

"இல்லை மேம்."

"அப்போ மாத்தினது யார்? குழுவா, ஹெச்.ஆரா?"

"குழுவா? எந்தக் குழு மேம்?"

அங்கேதான் எனக்கு விஷயமே புரிய ஆரம்பித்தது. பத்து பேரோ அதுக்கு மேலோ வேலை பார்க்கிற எந்த இடமாக இருந்தாலும் உள்ளகப் புகார்க் குழு ஒன்று இருந்தே ஆக வேண்டும். தலைவர், அங்கே மூத்த பதவியில் இருக்கிற ஒரு பெண். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். கம்பெனிச் சம்பளம் வாங்காத, வெளியிலிருந்து வரும் ஒருவரும் கட்டாயம். புகாரை விசாரிக்க வேண்டியது இந்தக் குழு. ஹெச்.ஆர். டீ கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் டீ கொடுத்து முடித்துவைக்க முடியாது.

விசாரணை நடக்கும்போது யாரையாவது இடம் மாற்றலாமா? மாற்றலாம். ஆனால் எப்படி? அந்தப் பெண் எழுத்தில் கேட்க வேண்டும், குழு பரிந்துரைக்க வேண்டும். அப்போதும் மாற்றப்படுவது அந்தப் பெண்ணாகவும் இருக்கலாம், அந்த ஆளாகவும் இருக்கலாம். சட்டம் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறது. கம்பெனிகளுக்கு என்னவோ முதல் பாதி மட்டும்தான் கண்ணில் படுகிறது! அவளுக்குக் கூடுதலாக மூணு மாசம் வரை லீவு கேட்கலாம். இன்னொன்றைக் கேட்டதும்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். புகாருக்கு ஆளானவர், புகார் கொடுத்தவரின் வேலையை மதிப்பிடக் கூடாது, அதை வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுங்கள் என்று குழு சொல்லலாம். விதியிலேயே இருக்கிறது. நான் லிஃப்ட் வாசலில் எந்த நூறு மார்க்குக்காக நடுங்கினேனோ, அதை யோசித்து ஒருவர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார். பத்துக்குப் பத்து வாங்கிய எனக்கு இது தெரியாது.

"இன்டர்னுக்கெல்லாம் இது வருமா மேம்?" என்றாள் அவள். வரும். ட்ரெயினி, அப்ரன்டிஸ், கான்ட்ராக்ட், தினக்கூலி, சம்பளமே வாங்காதவர், எல்லோருமே கணக்கில் உண்டு. ஆபீஸ் கேப் கூட பணியிடம்தான். பத்து பேருக்குக் குறைவான குட்டி ஸ்டார்ட்-அப்புக்கு இன்டர்ன்ஷிப் போகிறீர்களா? அல்லது புகாரே முதலாளி மேலா? அதுக்கு மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு. கலெக்டர் ஆபீஸில் விசாரியுங்கள்.

இந்த 'சீட்டை மாத்திடலாம்' வைத்தியம் எங்கள் கம்பெனி கண்டுபிடித்தது இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்குத் தெரிந்திருக்கும், ஊபரில் சூசன் ஃபௌலர் என்று ஒரு இன்ஜினீயர் இருந்தார். 2015 கடைசியில் சேர்ந்தார். ட்ரெயினிங் முடிந்து டீமில் உட்கார்ந்த முதல் நாளே மேனேஜரிடமிருந்து ஆபீஸ் சாட்டில் ஆபாசமான அழைப்பு. இன்ஜினீயர் இல்லையா, உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஹெச்.ஆரிடம் கொடுத்துவிட்டார். இதைவிடப் பக்காவாக யார் ஆதாரம் கொடுக்க முடியும்? ஹெச்.ஆர். சொன்னது: இது அவருக்கு முதல் தடவை, நன்றாக வேலை செய்பவர், எச்சரித்து விட்டுவிடுவோம். உங்களுக்கு ரெண்டு வழி. வேறு டீமுக்குப் போங்கள், அல்லது இங்கேயே இருங்கள். இருந்தால் அவர் உங்களுக்கு மோசமான மதிப்பீடு கொடுக்கலாம், அதில் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஃபௌலர் டீம் மாறினார். பின்னால் மற்ற பெண்களோடு பேசும்போதுதான் தெரிந்தது, அதே மேனேஜர் மேல் அவர்களும் புகார் கொடுத்திருக்கிறார்கள், அவர்களுக்கும் அதே 'முதல் தடவை' வசனம்தான்! வேலையை விட்ட பிறகு 2017 பிப்ரவரியில் அத்தனையும் எழுதி வெளியிட்டார். உலகமே படித்தது. அந்த ஜூனில் ஊபர் இருபதுக்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு அனுப்பியது. அதே மாசம் தலைமை அதிகாரி டிராவிஸ் கலானிக்கும் பதவி விலகினார். முதல் பெண் சொன்ன அன்று அந்த ஒரு மேனேஜரின் சீட்டை மாற்றியிருந்தால்... சரி விடுங்க.

நம் ஊர்க் கதை ஒன்று. 2021 பிப்ரவரி. ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி, முதலமைச்சரின் சுற்றுப்பயணப் பாதுகாப்பு வேலையின்போது சிறப்பு டி.ஜி.பி. தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாகப் புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பினார். செங்கல்பட்டு பக்கம் பரனூர் டோல்கேட்டில் அவர் காரை வழிமறித்தது யார் தெரியுமா? போலீஸ்! ஒரு எஸ்.பி.யே நின்று மறித்தார். இது மேலிடத்துக்குப் போகாமல் இருக்கட்டும் என்றுதான். மாவட்டத்தையே ஆளும் அதிகாரிக்கு இந்தக் கதி. அவர் நிற்கவில்லை, போய்ப் புகார் கொடுத்தார். 2023 ஜூனில் விழுப்புரம் கோர்ட் அந்த சிறப்பு டி.ஜி.பி.க்கு மூணு வருஷம் சிறைத் தண்டனை விதித்தது. மறித்த எஸ்.பி.க்கு ஐநூறு ரூபாய் அபராதம். மேல்முறையீட்டில் 2024 பிப்ரவரியில் அங்கிருக்கும் மாவட்ட நீதிமன்றமும் அந்தத் தண்டனையை உறுதி செய்தது.

இதையெல்லாம் ஹாஸ்டலில் பேசினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் ரூமில் ராத்திரி ஒரு மணி வரை பட்டிமன்றம். "பொய்ப் புகார் குடுத்தா என்னடா பண்ணுவ?" என்று ஒருவன். அதுக்கும் பிரிவு இருக்கிறது மச்சி. தெரிந்தே பொய் சொன்னது, போலி ஆவணம் கொடுத்தது என்று விசாரணையில் நிரூபணமானால் நடவடிக்கை உண்டு. ஆனால் நிரூபிக்க முடியாமல் போவதும் பொய்யும் ஒன்றில்லை என்று அதே பிரிவு தெளிவாகச் சொல்கிறது. "அப்போ பசங்களுக்கு நடந்தா?" என்று இன்னொருவன். நியாயமான கேள்வி, யாரும் சிரிக்க வேண்டாம். 2013 சட்டம் பெண்களுக்கு மட்டும்தான். காலேஜுக்குள் நடந்தால் யு.ஜி.சி.யின் 2015 விதிமுறைகளில் மாணவர், மாணவி, மூன்றாம் பாலினத்தவர் எல்லோரும் புகார் கொடுக்க முடியும். ஆபீஸுக்குப் போன பிறகு பையனுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. இது குறைதான். மூணாவது ஒருவன், "உனக்கேன்டா இந்த வேண்டாத வேலை, உன் மார்க்கைப் பாரு" என்றான். அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வரை என் பதிலும் அதுதானே?

அந்த மேம் இன்னொரு கதையும் சொன்னார். இந்தச் சட்டத்துக்கே மூல காரணமானவர் ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் இல்லை. ராஜஸ்தானில் ஒரு கிராமத்தில் பானை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த பன்வாரி தேவி. அரசாங்கத்தின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமப் பணியாளர். குழந்தைக் கல்யாணத்தைத் தடுப்பது அவர் வேலை. அந்த வேலையைச் செய்ததற்காக 1992-ல் ஊரின் ஆதிக்கக்காரர்கள் அவரைக் கூட்டாகப் பலாத்காரம் செய்தார்கள். 1995-ல் கீழ்க்கோர்ட் அவர்களைப் பலாத்காரக் குற்றத்திலிருந்து விடுவித்தது. வேலை செய்யப் போய் ஒரு பெண்ணுக்கு இப்படி நடந்தால் வேலை கொடுத்தவருக்குப் பொறுப்பில்லையா என்று பெண்கள் அமைப்புகள் சேர்ந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. 1997 ஆகஸ்டில் விசாகா தீர்ப்பு வந்தது. குழு போடு, விசாரி, பொறுப்பு உன்னுடையது என்று முதலாளியைப் பார்த்துச் சொன்ன முதல் தீர்ப்பு. அது சட்டமாக இன்னும் பதினாறு வருஷம். அந்த அனிமேஷன் படத்தில் பன்வாரி தேவியைப் பற்றி ஒரு ஸ்லைடு கூட இல்லை.

சரி, ஒழுங்காக நடந்துகொண்ட முதலாளியே கிடையாதா? நானும் தேடினேன். கிடைத்தது ஐ.டி. பார்க்கில் இல்லை, திண்டுக்கல்லில். அதுவும் முதலாளி தானாக மனம் மாறிச் செய்தது இல்லை.

2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்தில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தலித் பெண் கொலை செய்யப்பட்டார். கிட்டத்தட்ட என் வயசு. வழக்கு பதிவானது அவருடைய சூப்பர்வைசர் மேலேயே. அந்த ஆள் மாசக்கணக்கில் தொல்லை கொடுத்தார் என்று குடும்பத்தினரும் கூட வேலை பார்த்தவர்களும் சொன்னார்கள். அங்கே தைத்த துணி போனது எச் அண்ட் எம் மாதிரி பெரிய பிராண்டுகளுக்கு. நம்மில் சிலர் பிறந்த நாளுக்கு மால் வாசலில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறோமே, அதே கடை. சுவரில் ஒட்டிய போஸ்டருக்கும் குழுவுக்கும் பேர் அளவில் எந்தத் தொழிற்சாலையிலும் பஞ்சமில்லை. ஆனால் லைனில் நின்று டார்கெட் முடிக்கிற பெண், அந்த டார்கெட்டை எழுதுகிற சூப்பர்வைசர் மேல் யாரிடம் போய்ச் சொல்வார்?

பெண்கள் தலைமையில் நடக்கும் டி.டி.சி.யூ. என்ற தொழிற்சங்கம் இதை விடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் போராட்டம், பேச்சுவார்த்தை. 2022 ஏப்ரலில் அந்தத் தொழிற்சாலையின் தாய்க் கம்பெனியான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் கையெழுத்துப் போட்டது. எச் அண்ட் எம்மும் போட்டது; கேப், பி.வி.எச். பிராண்டுகளும் சேர்ந்தன. 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்றே அதுக்குப் பேர்.

அதில் எனக்குப் பிடித்த இடத்தைச் சொல்கிறேன். லைனில் வேலை செய்கிற பெண்களிலிருந்தே, சுமார் 25 பேருக்கு ஒருவர் என்று, கவனிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பூட்டிய அறைக்குள் மெயில் போட்டுக் காத்திருக்க வேண்டாம். அடுத்த மெஷினில் இருப்பவரிடம் சொல்லலாம், அவர் நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசுவார். புகார் சொன்னதற்காக யாரையும் பழிவாங்கக் கூடாது. கம்பெனி பேச்சு மாறினால் பிராண்டுகள் ஆர்டரில் கை வைக்க வேண்டி வரும். அதாவது புகாரை மூடி வைத்தால் முதலாளிக்கு நஷ்டம்! இதைத்தானே நம் புரொபசர்கள் டிசைன் என்பார்கள்? மனுஷன் நல்லவனாக இருப்பான் என்று நம்பிக் கட்டிய பாலம் இடிந்துவிடும், பாரத்தைக் கணக்குப் போட்டுக் கட்டியதுதான் நிற்கும். பக்கத்து மெஷின்காரர் பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டியிருந்தார்கள்.

பக்கத்து சீட்காரன் என்ன செய்தான்? அதுதான் தெரியுமே.

ப்ளேஸ்மென்ட் சீசன் வரப் போகிறது, ஒரு சின்ன ஐடியா. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகள், வருஷத்தில் எத்தனை பாலியல் புகார் வந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி என்று ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும். பி.டி.எஃப். சும்மாதான் கிடைக்கும். பேக்கேஜ் எத்தனை லட்சம் என்று பார்க்கும்போது அந்தப் பக்கத்தையும் புரட்டுங்கள். பல்லாயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் வருஷா வருஷம் பூஜ்யம் என்று போட்டிருந்தால் "ஆஹா, எவ்வளவு நல்ல கம்பெனி" என்று எனக்குத் தோன்றுவதில்லை. அங்கே இருக்கிறவர்கள் எங்கே போய்ச் சொல்வது என்று தெரியாமல் இருக்கிறார்களோ என்றுதான் தோன்றுகிறது. ப்ரீ-ப்ளேஸ்மென்ட் டாக்கில் கேள்வி நேரம் வரும்போது கை தூக்கி, "உங்க உள்ளகக் குழுவில் யார் யார்?" என்று கேளுங்கள். குழு யார் என்கிற உத்தரவை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டி வைப்பது அவர்கள் கடமை, ரகசியம் இல்லை. எங்கள் கம்பெனியிலும் ஒட்டியிருந்தார்கள். மூணாவது மாடி பேன்ட்ரியில், மைக்ரோவேவுக்குப் பின்னால். பிரியாணி சூடு பண்ணும்போது தினம் பார்த்திருக்கிறேன், படித்ததில்லை.

அவள் முறைப்படி புகார் எழுதினாள். சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள் கொடுக்க வேண்டும் (காரணம் இருந்தால் இன்னும் மூணு மாசம் கூட்டித் தருவார்கள்), ஆறு பிரதி வேண்டும். பிரதி எடுக்க ஜெராக்ஸ் கடைக்கு நான்தான் போனேன். கடைக்காரர் படித்துவிடுவாரோ என்று காகிதத்தைக் கவிழ்த்து வைத்தே எடுத்தேன். சாட்சிகள் என்ற இடத்துக்கு வந்ததும் அவள் நிறுத்தினாள்.

"உன் பேரைப் போடட்டுமா?"

உடனே "போடு" என்று சொன்னேன் என எழுத ஆசைதான். ரெண்டு நாள் எடுத்துக்கொண்டேன். அந்த ரெண்டு நாளும் அவள் ஒரு தடவை கூட ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்தியிருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன். மூணாவது நாள் போன் பண்ணி, "போடுடி. சக்கரத்தைப் பாத்தேன், மூணு நாள் பாத்தேன்னு சொல்றேன்" என்றேன். "சரி" என்று வைத்துவிட்டாள்.

அப்புறம் என்ன நடந்தது? அதை எழுத முடியாது மக்களே. சட்டத்தின் 16-வது பிரிவு அப்படி. புகார் கொடுத்தவர், புகாருக்கு ஆளானவர், சாட்சிகள், விசாரணை, குழு என்ன சொன்னது, கம்பெனி என்ன செய்தது, எதையும் அடையாளம் தெரிகிற மாதிரி வெளியிடக் கூடாது. என் போட்டோ மேலே இல்லாததற்குக் காரணம் இதுதான். அவள் புகாரில் என்ன எழுதினாள் என்பதையும் இங்கே எங்கேயும் எழுதவில்லை. என் சீட்டிலிருந்து நான் பார்த்ததை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

என் மதிப்பீட்டுப் படிவத்தைப் பற்றி மட்டும் சொல்லலாம், அது என் சொந்தச் சொத்து. எல்லாக் கட்டத்திலும் எட்டு, ஒன்பது. 'டீம் ஒர்க்' என்ற கட்டத்தில் அஞ்சு. அம்மாவிடம் காட்டினேன். "எல்லார்கூடவும் அனுசரிச்சுப் போகணும் தம்பி" என்றார். அப்போதுதான் முழுக் கதையையும் அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், கல்யாணத்துக்கு முன்னால் தான் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்ததைப் பற்றியும், ஏன் ஆறே மாசத்தில் அந்த வேலையை விட்டார் என்பதைப் பற்றியும் சொன்னார். இருபது வருஷத்தில் எனக்குச் சொல்லாத விஷயம். அது அம்மாவுடைய கதை, இங்கே வராது.

இதை எழுதலாமா என்று அவளிடம் முன்னாடியே கேட்டுவிட்டேன். ரெண்டு கண்டிஷன் போட்டாள். ஒன்று, 'பாவம்' என்ற வார்த்தை அவளைப் பற்றி எங்கேயும் வரக் கூடாது. வரவில்லை, தேடிப் பார்த்துக்கொள்ளலாம். ரெண்டாவது, ஆறாவது மாடியில் உட்கார்ந்து, பிரின்டர் சத்தத்துக்கு நடுவில், ஃபோல்டர் அனுமதிகூட இல்லாமல் முதலிலிருந்து தனியாக எழுதி, கடைசி வாரம் அந்த ப்ராஜெக்டை அவள் முடித்துக் கொடுத்தாள் என்று கண்டிப்பாகப் போட வேண்டுமாம்.

போட்டாச்சு. ஒரு பக் கூட இல்லையாம், அதையும் சேர்த்துப் போடச் சொன்னாள்.